ஆட்டுப்பால் சோப்பு சிவப்பது ஏன்?

"வீட்டில் இரண்டு ஆடு கறக்கிறது. பிள்ளைகள் குடித்தது போக மிஞ்சுகிற பாலில் சோப்பு செய்து பார்க்கலாம் என்று இறங்கினேன். காஸ்டிக் சோடாவைப் பாலில் போட்ட கொஞ்ச நேரத்திலேயே பால் மஞ்சளாகி, ஆரஞ்சாகி, கடைசியில் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. மூக்கைத் துளைக்கிற நெடி வேறு. அடியில் திரித்திரியாக ஏதோ நின்றது. எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டியதுதானா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

கொட்ட வேண்டாம். அவர் பயந்த மூன்றில் எதுவும் ஆபத்தான குறை அல்ல. நிறம் மாறியது பாலில் உள்ள சர்க்கரையின் வேலை. நெடி புரதத்தின் வேலை. திரித்திரியாக நின்றது பெரும்பாலும் பாலின் சொந்தக் கொழுப்பு, எண்ணெயில் சேருமுன்பே சோப்பாகிவிட்டது. கடிதத்தில் அவர் சொல்லாமல் விட்ட ஒன்றுதான் எனக்குக் கவலை தருகிறது: காஸ்டிக் சோடாவை எதில் அளந்தார்? கிராம் தராசிலா, கரண்டியிலா?

புதிதாகச் சோப்பு செய்கிறவர்கள் பலரும் கண்ணுக்குத் தெரிகிற குறைகளைப் பார்த்துக் கலங்குகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத குறையைக் கவனிக்காமல் விடுகிறார்கள். பால்வெள்ளையாக, வழவழவென்று வந்த சோப்பு தோலைப் புண்ணாக்கலாம். செங்கல் நிறத்தில் வந்த சோப்பு குழந்தையின் கைக்கும் ஒத்துக்கொள்ளலாம். அதனால் முதலில் அந்த நிறத்தின் கதையைப் பார்த்துவிடுவோம். கொழுப்பும் காரமும் சேர்ந்தால் சோப்பும் கிளிசரினும் வரும் என்பது பள்ளிப் பாடம். அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. பால் சோப்பில் சுவையான வேதியியல் நடப்பது கொழுப்பில் அல்ல, சர்க்கரையில்.

திறக்கும் வாசல், திறக்காத வாசல்

ஒரு சின்னச் சோதனை. காஸ்டிக் சோடாக் கரைசலை இரண்டு கண்ணாடிக் குவளைகளில் எடுத்துக்கொள்கிறோம். ஒன்றில் கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர், இன்னொன்றில் அதே அளவு தேன். சர்க்கரை போட்ட குவளை தெளிவாகவே நிற்கும். தேன் போட்டது சில நிமிடங்களில் மஞ்சளாகி, பிறகு காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போய்விடும். இரண்டும் இனிப்பு, இரண்டும் சர்க்கரை. ஒன்று மட்டும் ஏன் சிவக்கிறது?

பாலில் உள்ள சர்க்கரை லாக்டோஸ். நூறு கிராம் ஆட்டுப்பாலில் 4 கிராமுக்குச் சற்று மேலே இருக்கும். காலக்டோஸ் ஒன்றும் குளுக்கோஸ் ஒன்றும் சேர்ந்தது அது. இதை ஒட்டிக் கட்டிய இரண்டு வீடுகளாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு வாசல்தான். காலக்டோஸ் வீடு தன் வாசலைப் பக்கத்து வீட்டின் பக்கச் சுவரோடு சேர்த்து அடைத்துவிட்டது. அந்த வழியாக இனிப் போக்குவரத்து இல்லை. குளுக்கோஸ் வீட்டின் வாசல் மட்டும் தெருவைப் பார்த்திருக்கிறது. அது எப்போதும் திறந்து கிடப்பதில்லை. சாதாரணப் பாலில் எந்த நொடியில் எட்டிப் பார்த்தாலும் பல்லாயிரம் வீடுகளில் ஒன்றின் வாசல்தான் திறந்திருக்கும். ஆனால் திறக்கும், மூடும், மறுபடி திறக்கும். வளையமாக இருக்கும் குளுக்கோஸ், வளையம் விட்டு நீண்டு ஆல்டிஹைடாக நிற்கும் அந்தக் கணத்தைத்தான் வாசல் திறப்பது என்கிறேன்.

நாம் காப்பியில் போடுகிற சர்க்கரை, அதாவது சுக்ரோஸ், வேறு மாதிரிக் கட்டிய வீடு. அதில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் வாசலோடு வாசல் ஒட்டி நிற்கின்றன. இரண்டு வாசலுமே அடைபட்டதால் தெருவுக்கு வழி இல்லை. காரம் சுற்றிச் சுற்றி வந்தாலும் உள்ளே நுழைய முடியாது. அதனால்தான் சர்க்கரைக் குவளை நிறம் மாறவில்லை. தேனில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் தனித்தனி வீடுகளாக, வாசலைத் தெருவுக்கு வைத்துக்கொண்டு இருக்கின்றன. அதனால்தான் அது அவ்வளவு வேகமாகக் கறுத்தது.

இப்போது காரம் வருகிறது. வாசல் திறந்திருக்கும் கணத்தில் ஹைட்ராக்சைடு அயனி வந்து, வாசற்படியை ஒட்டியுள்ள கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. வாசற்படிக் கல் போனபின் கதவைப் பழையபடி மூட முடிவதில்லை. வீடு தன்னைச் சீர்ப்படுத்திக்கொள்ள ஒரு வழி தேடுகிறது. வாசலை ஒரு அறை தள்ளி வைத்துக் கட்டிக்கொள்வது ஒரு வழி. அப்படிக் கட்டிக்கொண்ட வீட்டின் பெயர் லாக்டுலோஸ். மலச்சிக்கலுக்கு மருந்துக் கடையில் வாங்குகிற சிரப்பில் இருப்பது இதுதான். தொழிற்சாலையில் அதைச் செய்வதும் லாக்டோஸைக் காரத்தில் வைத்துத்தான். சோப்புக்கென்று கலக்கிய பாலில் அந்த மருந்து கொஞ்சம் தானாகவே உருவாகிறது.

ஆனால் காரம் அங்கே நிற்பதில்லை. தள்ளி வைத்த வாசலையும் அது விடாது. கொஞ்ச நேரத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த சுவர் விழுகிறது. இதுவரை அடைபட்டிருந்த காலக்டோஸின் வாசலும் தெருவுக்குத் திறந்துவிட, அதற்கும் அதே கதி. முடிவில் இரண்டு வீடும் இடிந்து, இரண்டு மூன்று கார்பன் உள்ள துண்டுகளாகச் சிதறுகின்றன. இந்த இடிபாடுகள் சும்மா கிடப்பவை அல்ல. ஒன்றோடொன்று ஒட்டி, இரட்டைப் பிணைப்பும் ஒற்றைப் பிணைப்பும் மாறி மாறி வரும் சங்கிலிகளாகின்றன. சின்னச் சங்கிலி நீல ஒளியை மட்டும் விழுங்கும். நம் கண்ணுக்கு மஞ்சள். சங்கிலி நீள நீளப் பச்சையையும் சேர்த்து விழுங்கும். ஆரஞ்சு, பிறகு செங்கல், பிறகு பழுப்பு. வாசகியின் பாத்திரத்தில் நிறம் இந்த வரிசையில் மாறியதன் காரணம் இதுவே. நிறத்தைப் பார்த்தே சங்கிலி எவ்வளவு நீண்டிருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

திறந்த வாசல் வழியாகக் காரம் மட்டும் நுழைவதில்லை, பாலில் உள்ள புரதமும் நுழையும். அதன் அமினோ முனை திறந்த வாசலில் வந்து ஒட்டிக்கொண்டு வேறொரு பழுப்பு வரிசையைத் தொடங்கிவைக்கும். பால்கோவா கிண்டும்போது நடப்பது பெரும்பாலும் இதுதான். அங்கே காரம் கிடையாது, அதனால் அடுப்பருகே நின்று வெகுநேரம் கிளற வேண்டியிருக்கிறது. காஸ்டிக் சோடாவில் அந்தக் காத்திருப்பு சில நிமிடங்களாகச் சுருங்கிவிடுகிறது.

இடிபாடுகளில் ஒரு பகுதி அமிலங்களாகவும் மாறுகிறது. அவை கொஞ்சம் காரத்தைத் தின்றுவிடும். ஆகவே பால் சிவந்துபோனால் சோப்பில் காரம் ஏறிவிட்டது என்று நினைப்பது தலைகீழான பயம். சிவந்த பாலில் காரம் சற்றே குறைந்துதான் இருக்கும்.

நெடிக்கும் விடை இங்கேயே இருக்கிறது. பால் புரதத்தில் குளுட்டமைன், அஸ்பராஜின் என்ற அமினோ அமிலங்கள் உண்டு. கடுங்காரம் அவற்றின் ஓரத்து அமைடுகளை அறுத்து அம்மோனியாவை விடுவிக்கிறது. அம்மோனியா ஆவியாகக் கூடியது. அச்சில் ஊற்றிய சோப்பைக் காற்றோட்டமாக வைத்தால் சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் நெடி போய்விடும். குட்டி போட்டவுடன் கிடைக்கிற சீம்பாலைச் சோப்புக்கு எடுக்க வேண்டாம் என்பதும் இதனால்தான். அதில் புரதம் பல மடங்கு அதிகம். நெடியும் கூடும், திரியும் கூடும்.

வரலாறு கேட்பவர்களுக்கு ஒரு பத்தி. ரோம் நகரத்துப் பக்கத்தில் சாப்போ என்ற மலையில் பலியிட்ட ஆடுகளின் கொழுப்பும் சாம்பலும் மழையில் வழிந்தோடிச் சோப்பானது என்று ஒரு கதை எல்லா இடத்திலும் வரும். அப்படி ஒரு மலை இருந்ததற்குச் சான்று கிடையாது. சோப்புக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் ஒழுங்காகச் சொன்னவர் பிரெஞ்சு வேதியியலர் மிஷேல் யூஜின் செவ்ரல். 1811-இல் பன்றிக் கொழுப்புச் சோப்பில் தொடங்கிய ஆய்வை 1823-இல் நூலாக வெளியிட்டார். 102 வயது வரை வாழ்ந்தார். காரத்தில் சர்க்கரை வேறு சர்க்கரையாக மாறுவதை லோப்ரி டி ப்ரைன், ஆல்பெர்டா ஃபான் எகென்ஸ்டைன் என்ற இரு டச்சு வேதியியலர்கள் 1895-இல் எழுதினார்கள். சர்க்கரையும் புரதமும் சேர்ந்து சிவப்பதை லூயி கமீல் மையார் 1912-இல் விவரித்தார். இவர்கள் யாரும் ஆட்டுப்பால் சோப்பு செய்யவில்லை என்பதால் நாம் மேலே போகலாம்.

ஏன் உறைந்த பால்?

வாசல் எவ்வளவு அடிக்கடி திறக்கிறது, காரம் எவ்வளவு வேகமாகக் கல்லைப் பிடுங்குகிறது என்பதெல்லாம் சூட்டைப் பொறுத்தது. பொதுவாக 10 டிகிரி ஏறினால் இப்படிப்பட்ட வினைகளின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது வேதியியலில் ஒரு கைக்கணக்கு. 30 டிகிரியில் ஒரு மணி நேரம் ஆகிற வேலை 80 டிகிரியில் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

அந்த 80 டிகிரி எங்கிருந்து வருகிறது? அடுப்பே வேண்டாம், காஸ்டிக் சோடா கரைவதே போதும். 105 கிராம் காஸ்டிக் சோடா 250 கிராம் பாலில் கரையும்போது சுமார் 100 கிலோஜூல் வெப்பம் வெளிவரும். அறைச் சூட்டில் இருந்த பாலை 90 டிகிரிக்கு மேலே தள்ள அது போதும். வாசகியின் பாத்திரத்தில் நடந்தது இதுதான்.

இதற்குச் சோப்பு செய்கிறவர்கள் கண்டுபிடித்த வழி பாலை ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறையவைத்து, அந்தக் கட்டிகளின் மேல் காஸ்டிக் சோடாவைத் தூவுவது. குளிர்ந்த பால் என்பதால் சூடு குறைகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. பெரிய வேலையைச் செய்வது உருகுதல். ஒரு கிராம் பனிக்கட்டி, வெப்பநிலை ஒரு டிகிரி கூட ஏறாமல் வெறுமனே தண்ணீராவதற்கே 334 ஜூல் விழுங்கும். 250 கிராம் பாலில் 217 கிராமுக்குக் குறையாமல் தண்ணீர். அது முழுக்க உருகச் சுமார் 70 கிலோஜூல் செலவாகும். வெளிவந்த நூறில் எழுபது அங்கேயே போய்விட்டது. மிச்சம் முப்பதால் கலவை 20, 25 டிகிரிக்கு மேல் போக முடியாது. ஃபிரிட்ஜில் வைத்து வெறுமனே குளிரவைத்த பால் ஏன் போதாது என்பதும் இப்போது புரியும்: அதில் உருகுவதற்கு ஒன்றும் இல்லை.

பக்கத்தில் நின்று பார்த்தால் இது அழகான காட்சி. முதல் கரண்டி காஸ்டிக் சோடா கட்டிகளின் மேல் விழுந்ததும் விளிம்புகள் மட்டும் கரையும். அடுத்த கரண்டியில் அடியில் கொஞ்சம் பால் தேங்கும், வெள்ளையாகவே. பாதி போட்டபின் எலுமிச்சையின் வெளிர்மஞ்சள் தட்டும். கட்டிகள் எல்லாம் கரைந்துபோன பிறகும் காஸ்டிக் சோடா மிச்சம் இருந்தால்தான் மஞ்சள் சட்டென்று கனக்கும். அந்த நேரத்தில் பாத்திரத்தை ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிவைத்துவிட வேண்டும். மொத்தமும் கொட்டாமல் ஒவ்வொரு கரண்டியாகப் போட்டு, ஒவ்வொன்றும் கரைந்தபின் அடுத்ததைப் போடுவது நல்லது.

ஆனால் இந்த வைத்தியத்துக்கு இரண்டு பக்கவிளைவு உண்டு. காஸ்டிக் சோடா குளிரில் மெதுவாகக் கரையும். கலவை கெட்டியாகிவிட்டால் கரையாத மணிகள் உள்ளே ஒளிந்துகொள்ளும். எண்ணெயில் ஊற்றுமுன் எவர்சில்வர் வடிகட்டியில் வடித்தே ஆக வேண்டும். கொழகொழவென்று தங்குவது பால்கொழுப்புச் சோப்பு, அதைக் கரண்டியால் அழுத்திக் கலவையிலேயே சேர்த்துவிடலாம். நறநறவென்று தங்குவது காஸ்டிக் சோடா, அதைக் கரைக்காமல் மேலே போகக் கூடாது.

இரண்டாவது, தேங்காய் எண்ணெய். அது 24 டிகிரியை ஒட்டி உறையும். 20 டிகிரிப் பால் கலவையை அதில் ஊற்றினால் எண்ணெய் உறைந்து கலவை திடீரென்று கெட்டியாகும். செய்பவர் ட்ரேஸ் வந்துவிட்டது என்று நினைத்து அச்சில் ஊற்றிவிடுவார். கரண்டியிலிருந்து வடிகிற கலவை மேற்பரப்பில் கோடாக நிற்கும் பதத்தைத்தான் ட்ரேஸ் என்கிறார்கள். அது எண்ணெயும் காரமும் பிரிய முடியாதபடி கலந்துவிட்டதற்கு அடையாளம். உறைந்த எண்ணெயும் அதே மாதிரிக் கோடு காட்டும், ஆனால் உள்ளே எதுவும் கலந்திருக்காது. வெயில் ஏறி எண்ணெய் உருகியதும் மேலே எண்ணெய், கீழே காரத் தண்ணீர் என்று பிரிந்துவிடும். எண்ணெயை 35 டிகிரிக்கு மேல் வைத்துக்கொண்டு ஊற்றினால் இந்தப் பொய் ட்ரேஸ் வராது.

பயப்பட வேண்டியது எதற்கு?

இப்போது தராசுக்கு வருவோம். ஒவ்வோர் எண்ணெயும் சோப்பாக வேண்டிய காஸ்டிக் சோடா வேறு வேறு. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 183 கிராம். நல்லெண்ணெய்க்கு 134. விளக்கெண்ணெய்க்கு 128. இந்த வித்தியாசம் சின்னதல்ல. தேங்காய் எண்ணெய் 350 கிராம், நல்லெண்ணெய் 280, விளக்கெண்ணெய் 70 என்று எடுத்தால் கணக்கு 64, 37.5, 9, கூட்டினால் 110.5 கிராம். அதில் 5 சதவீதம் குறைத்து 105 கிராம் போடுவார்கள். அந்த ஐந்து சதவீதத்தால் சோப்பாகாமல் கொஞ்சம் எண்ணெய் மிஞ்சும், காரம் மிஞ்சாது. சூப்பர் ஃபேட் என்று அவர்கள் சொல்வது இதைத்தான்.

வீட்டில் தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது, அதற்கும் நல்லெண்ணெயே ஊற்றிவிடலாம் என்று ஒருவர் நினைத்தால் என்ன ஆகும்? அந்த 350 கிராமுக்கு 64 கிராம் தேவைப்பட்ட இடத்தில் இப்போது 47 போதும். 17 கிராம் காஸ்டிக் சோடா உபரி. சூப்பர் ஃபேட்டுக்கென்று குறைத்த ஐந்தரை கிராம் அதைத் தாங்காது. சோப்பு வெள்ளையாக, கெட்டியாக, பார்க்க அருமையாக வரும். தோலை அரிக்கும். எண்ணெயை மாற்றினால் கணக்கை முதலிலிருந்து போடுங்கள். கரண்டி, டம்ளர், கப் அளவுகளில் சொல்கிற செய்முறை எதையும் நம்பாதீர்கள், சொல்பவர் யாராக இருந்தாலும். காஸ்டிக் சோடா சில்லாகவும் வரும், மணியாகவும் வரும். ஒரே கரண்டியில் இரண்டும் ஒரே எடை நிற்காது. ஒரு கிராம் காட்டும் சமையல் தராசு ஒன்று வாங்காமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

காரம் மிஞ்சிய சோப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? வெட்டும்போது பொடிப்பொடியாக உதிர்ந்தாலோ, உள்ளே சின்னச் சின்னக் குழிகளில் நீர் தேங்கி நின்றாலோ சந்தேகப்படுங்கள். அந்த நீரை வெறுங்கையால் தொடாதீர்கள். பழக்கமுள்ளவர்கள் செய்கிற சோதனை, ஈர விரலைச் சோப்பில் தேய்த்து நாக்கு நுனியில் லேசாக வைத்துப் பார்ப்பது. சோப்புச் சுவை மட்டும் தெரிந்தால் சரி, சுரீரென்று கடித்தால் காரம் மிஞ்சியிருக்கிறது. நீர்க் குழி தெரிகிற சோப்பில் இந்தச் சோதனையே கூடாது. காரம் மிஞ்சியது உறுதியானால், எவ்வளவு மிஞ்சியது என்பது எழுதிவைத்த எடையிலிருந்து தெரிந்தால் மட்டும் அதற்கான எண்ணெயைச் சேர்த்து மெல்லிய சூட்டில் திரும்ப உருக்கலாம். எடை தெரியாவிட்டால் விட்டுவிடுவதே நல்லது.

வேலை செய்யும்போது கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். காஸ்டிக் சோடாவைத்தான் பாலில் போட வேண்டும், பாலைக் காஸ்டிக் சோடாவின் மேல் ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரம், அலுமினியக் கரண்டி இரண்டும் வேண்டாம். காரம் அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜன் வாயுவை விடும். எவர்சில்வர் போதும். மேலே தெறித்தால் வினிகர் தேடாதீர்கள், குழாயடியில் வெகுநேரம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போகிற வழியைப் பாருங்கள். பிள்ளைகளும் ஆடுகளும் கிட்டே வராத இடமாக வேலைக்குத் தேர்ந்தெடுங்கள்.

மற்ற குறைகள்

மிச்சக் குறைகள் சின்னவை, வேகமாகச் சொல்லிவிடலாம்.

வெட்டிப் பார்த்தால் நடுவில் அடர்ந்த வட்டம், ஓரத்தில் வெளுத்த நிறம். நடுப்பகுதி சூடேறிக் கூழாகி இறுகியிருக்கிறது, ஓரம் அதற்குள் ஆறிவிட்டது. சோப்பின் தரத்தில் வித்தியாசம் இல்லை. அச்சைத் துண்டால் சுற்றிவைக்கச் சொல்லும் செய்முறைகள் குளிர்நாட்டில் எழுதியவை. பால் சர்க்கரை சேர்ந்த கலவை தானாகவே கூடுதலாகச் சூடேறும். சித்திரை வெயிலில் துண்டும் சுற்றினால் நடுவில் வெடிக்கும், சில சமயம் அச்சை விட்டுப் பொங்கி வழியும். நம் ஊரில் அச்சை ஃபிரிட்ஜில் ஒரு நாள் வைப்பதே சரி.

மேலே வெள்ளைப் பொடி படிந்தால், மிஞ்சிய காரம் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து சோடியம் கார்பனேட்டாகியிருக்கிறது. நம் சலவை சோடாதான். மேற்பரப்பில் மட்டும் இருந்தால் சீவி எறிந்துவிடலாம்.

ஒரு மாதம் கழித்து ஆரஞ்சுப் புள்ளிகளும் சிக்கு வாடையும் வந்தால் அது பால் சிவந்ததல்ல, எண்ணெய் கெட்டது. சூரியகாந்தி எண்ணெய் போல லினோலியிக் அமிலம் நிறைந்த எண்ணெய்களில் சீக்கிரம் வரும். இரும்பும் செம்பும் இதைத் துரிதப்படுத்தும் என்பதால் துருப்பிடித்த கம்பித் தட்டில் சோப்பைக் காயவைக்காதீர்கள்.

மழைக்காலத்தில் மேலே வியர்த்தால் அது கிளிசரின் காற்றிலிருந்து இழுத்த ஈரம். துடைத்து வைத்தால் போதும். நுரையே வரவில்லை என்றால் சோப்பைக் குறை சொல்லுமுன் குளிக்கிற தண்ணீரைப் பாருங்கள். போர்வெல் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துக் கரையாத பிசுக்காக்கிவிடும். எந்தச் சோப்பானாலும் நான்கிலிருந்து ஆறு வாரம் காயட்டும். அதற்குள் தண்ணீர் வற்றிச் சோப்பு இறுகும், சீக்கிரம் கரையாது.

பாலுக்கு இவ்வளவு புகழ் எதற்கு?

கைபேசியைத் திறந்தால் ஆட்டுப்பால் சோப்பு தோலை வெளுப்பாக்கும், சுருக்கத்தைப் போக்கும், தோலின் பி.எச். அளவுக்கே இருக்கும் என்று விளம்பரங்கள் வரிசை கட்டுகின்றன. ஒவ்வொன்றையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மேலே சொன்ன செய்முறையில் 250 கிராம் பால். அதில் கொழுப்பு சுமார் 10 கிராம், லாக்டோஸ் 11, புரதம் 8. காய்ந்தபின் நூறு கிராம் கட்டியாக ஒன்பது வரும். ஒரு கட்டிக்குப் பாலின் கொழுப்பு ஒரு கிராம், அதுவும் சோப்பாகிவிட்டது. லாக்டோஸ் ஒரு கிராமுக்குச் சற்று மேல், அதில் பெரும்பகுதி இடிந்துவிட்டது. வைட்டமின் ஏதாவது காரத்திலிருந்து தப்பினாலும் ஒரு நிமிடத்தில் தண்ணீரோடு போய்விடும்.

ஆட்டுப்பாலின் பி.எச். 6.5-இலிருந்து 6.8 வரை. தோலின் மேற்பரப்பு 5-ஐ ஒட்டி. சோப்பு 9-இலிருந்து 10 வரை. எந்தப் பாலை ஊற்றினாலும் உண்மையான சோப்பு அதற்குக் கீழே இறங்காது. இறக்கினால் கொழுப்பு அமிலமாகப் பிரிந்து சோப்பாகவே இருக்காது. 5.5 என்று அட்டையில் போட்டிருந்தால் உள்ளே இருப்பது சோப்பு அல்ல, அல்லது அட்டையில் இருப்பது உண்மை அல்ல. லாக்டிக் அமிலம் இறந்த தோலை உரிக்கும் என்கிறார்கள். கறந்த பாலில் அது பெயருக்குத்தான் இருக்கும். இருப்பதையும் காஸ்டிக் சோடா சோடியம் லாக்டேட்டாக்கிவிடும். அது சோப்பைக் கெட்டியாக்கும், தோலை உரிக்காது.

அப்படியானால் வீட்டுச் சோப்பில் ஒன்றும் இல்லையா? இருக்கிறது. பெரிய ஆலைகளில் பல சமயம் பிரித்தெடுத்துத் தனியே விற்றுவிடுகிற கிளிசரின் இதில் அப்படியே தங்குகிறது. சூப்பர் ஃபேட்டாக மிஞ்சிய எண்ணெய் தோலை வறட்சியிலிருந்து கொஞ்சம் காக்கிறது. பாலில் மிஞ்சியவை நுரையைக் குழைவாக்குகின்றன. நல்ல குளியல் சோப்புக்கு இவ்வளவு போதும். மருந்து என்று சொல்லி விற்க இதில் எதுவும் இல்லை. விற்க நினைப்பவர்களுக்கு இன்னொன்று: 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, குளியல் சோப்பை விற்பனைக்குத் தயாரிக்க மாநில உரிம அதிகாரியிடம் உரிமம் வாங்க வேண்டும். பயிற்சி வகுப்பு எடுக்கிறவர்கள் பலர் இதைச் சொல்வதில்லை. கிலோ கணக்கில் கிடைக்கிற சோப் பேஸை உருக்கி அச்சில் ஊற்றி "வீட்டில் கறந்த பாலில் செய்தது" என்று விற்பவர்களைப் பற்றியும் வாங்குபவர்கள் கேள்வி கேட்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. முதல் தடவை வாசனை எண்ணெய், மஞ்சள் தூள், தேன், வேப்பிலை எதுவும் வேண்டாம். மூன்று எண்ணெய், காஸ்டிக் சோடா, உறைந்த பால், அவ்வளவுதான். ஒவ்வொன்றின் எடையையும், பால் கலவையின் சூட்டையும், எண்ணெயின் சூட்டையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த தடவை ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எண்ணெய், சூடு, வாசனை மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு எது கெடுத்தது என்று கேட்டால் எந்த வேதியியலராலும் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் மாற்றியவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. விடை அவர் நோட்டிலேயே இருக்கும்.